முதலில் கைகளைப் பார்

அன்பு மகளுக்கு,

ஹாம்பர்க்கில் இருக்கும்போதே குன்ஸ்தாலே அருங்காட்சியகத்துக்குப் போய், ஜெர்மன் ஓவியர் வில்ஹெல்ம் லைபிள் வரைந்த 'தேவாலயத்தில் மூன்று பெண்கள்' படத்தைப் பார்த்துவிடு. உயரம் 113 செ.மீ., அகலம் 77 செ.மீ. தான். ஆனாலும் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்.

பவேரியாவில் பெர்ப்ளிங் என்ற சிற்றூர். அந்த ஊர்க் கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்து, ஊர்ப் பெண்களையே உட்காரவைத்து, 1878 முதல் 1882 வரை வரைந்தார். குளிர்காலத்தில் விரல் விறைத்துப்போகிற இடம் அது.

முகங்களை அப்புறம் பார்க்கலாம், முதலில் கைகளைப் பார். இளம்பெண் ஜெபப் புத்தகத்தை மடியருகே பிடித்திருக்கிறாள். கிழவி புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் படிக்கிறாள். மூன்றாமவள் கை கோத்துக் குனிந்துவிட்டாள். வானத்தைப் பார்த்து உருகும் முகம் ஒன்றுகூடக் கிடையாது, பலிபீடத்தையும் காட்டவில்லை. பிரான்சில் மில்லே வரைந்த 'ஏஞ்சலஸ்' (1857–59) உனக்குத் தெரியும். உருளைக்கிழங்கு வயலில் தலைகுனிந்து நிற்கும் அந்த இருவருக்குப் பின்னால் தெரிகிற கோயில் கோபுரத்தை மில்லே பிற்பாடுதான் சேர்த்தார். லைபிளோ பக்தி முழுவதையும் விரலிலும் முதுகிலுமே வைத்துவிட்டார். என் பார்வையில் இதுதான் அவர் செய்த பெரிய வேலை.

அவர் கேன்வாஸில் வரையவில்லை, மஹோகனிப் பலகையில் வரைந்தார். கேன்வாஸ் துணியின் நெசவு குறுக்கே வராததால் ஏப்ரனின் கட்டங்கள்கூட அவ்வளவு கூர்மையாக விழுந்திருக்கின்றன. முன்கோட்டு வரைவு கிடையாது. ஒரு துண்டை ஈர வண்ணத்திலேயே முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவார். சரிவராத பகுதியை மேலே பூசி மறைக்காமல் சுரண்டி எடுத்துவிடுவார். இந்த முறையில் ஓர் ஆபத்து உண்டு. மிக அருகில் உட்கார்ந்து துண்டுதுண்டாக அளந்தால் முன்னால் இருப்பது பெருத்துவிடும். இளம்பெண்ணின் கைகளைத் தலையோடு ஒப்பிட்டுப் பார், புரியும். அடுத்து வரைந்த 'திருட்டு வேட்டைக்காரர்கள்' படத்தில் இந்தக் கோளாறு முற்றிப்போய், அதை அவரே வெட்டித் துண்டாக்கிவிட்டார்.

அதனால் நீ ஆளை வைத்து வரையும்போது, ஆளின் உயரத்தைப்போல மூன்று மடங்காவது தள்ளி உட்கார். தலை, கை, முழங்கால் மூன்றையும் முதலில் குறித்துக்கொண்ட பிறகுதான் நுணுக்கத்துக்குப் போக வேண்டும்.

அங்கே பென்சிலும் சின்ன நோட்டும் கொண்டுபோக அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள். இருந்தால் கிழவியின் கைகளை மட்டும் வரைந்து எனக்கு அனுப்பு. விரல் முட்டிகளை வழுவழுப்பாக்கிவிடாதே.

அன்புடன்,
அப்பா