பின்னால் வருகிறவனுக்குத்தான் புழுதி

சான் ஹோசே,
ஞாயிறு இரவு

மாப்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு, தோட்டம் தோட்டம் என்று அதற்குள் மலையேறிப் போய்விடாதே. மாட்டுக் கொட்டகையின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இறக்கிவிட்டுத் தகரம் போடப்போவதாக எழுதியிருந்தாய். அதைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

"அறுபதை நெருங்குற வயசுல, பைக் ஓட்ட இடம் வேணும்னு மனு கொடுக்க அலையுறியாமே, வெக்கமா இல்லையா?" என்று கேட்டிருக்கிறாய். என் தங்கச்சிதான் உன்னிடம் போட்டுக்கொடுத்திருப்பாள். வெட்கமெல்லாம் இல்லை. ஆனால் போன மாதம் மனு கொடுக்கப் போன இடத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊரிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரம் போனால் சான் பெனிட்டோ மாவட்டத்தில் கிளியர் கிரீக் என்று ஒரு மலைப்பகுதி. சுமார் 75,000 ஏக்கர் அரசு நிலம். பி.எல்.எம். என்கிற மத்திய அரசின் நில நிர்வாகத் துறை பார்த்துக்கொள்கிறது. நம்மூர்க் கணக்கில் புறம்போக்கு என்று வைத்துக்கொள், ஆனால் பட்டா கேட்டு யாரும் வரமாட்டார்கள். ஹாலிஸ்டரைத் தாண்டி 25ஆம் நம்பர் ரோட்டில் போய் இடது பக்கம் திரும்பினால் ஓடை வரும். அதே ஓடையைப் பல தடவை டயர் நனையக் கடந்து மேலே ஏறினால் மலையே மொட்டை. புல்கூட ஒழுங்காக முளைக்காது. செர்ப்பென்டைன் என்கிற பாறை, பாம்புத் தோல் மாதிரி பச்சையாக வழவழவென்று இருக்கும். அந்த மண்ணில் நிக்கலும் மக்னீசியமும் அதிகம், செடிக்கு வேண்டிய சத்து குறைவு. மரங்கள் இல்லாததால் எந்தச் சரிவில் வேண்டுமானாலும் டர்ட் பைக் ஏறும். மழை பெய்தாலும் சேறாகாது, டயர் நன்றாகப் பிடிக்கும். வட கலிபோர்னியாவில் டர்ட் பைக் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் கிளியர் கிரீக் பெயரைச் சொல்லும்போது குரல் இறங்கும். போடிமெட்டு பதினேழு கொண்டை ஊசி வளைவையும் உன் அண்ணனுடைய ராஜ்தூத்தில் ஏறினோமே, கிளட்ச் வயர் அறுந்து நள்ளிரவில் தள்ளிக்கொண்டு வந்தோமே, அந்தச் சுகத்தை இருபது வருஷம் கழித்து நான் மறுபடி கண்டுபிடித்த இடம் அது.

அந்தப் பச்சைப் பாறைக்குள்தான் வெள்ளை நார் நாராக ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. கிரைசோடைல் வகை, உன் கொட்டகைக் கூரையில் இருப்பதும் அதே வகைதான். அந்த வட்டாரத்தில் காலம் காலமாகத் தோண்டி எடுத்தார்கள். அமெரிக்காவின் கடைசி ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கம் 2002இல் மூடப்பட்டது அந்த மாவட்டத்தில்தான். அட்லஸ் என்ற இன்னொரு பழைய சுரங்கத்தின் கழிவு பெரிய தலைவலியாகி, மத்திய அரசு 1984இல் அதை மிக மோசமான மாசு இடங்களின் பட்டியலில் சேர்த்துச் சுத்தம் செய்தது. சுத்தம் செய்தாகிவிட்டது, பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று ஈ.பி.ஏ., அதாவது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, யோசிக்கும்போதுதான் ஒருத்தர் கேட்டிருக்கிறார்: சுரங்கத்தைச் சுத்தம் செய்தோம் சரி, பக்கத்து மலையில் ஆயிரக்கணக்கான பேர் பைக்கில் புழுதி கிளப்புகிறார்களே, அது?

2004இலும் 2005இலும் ஆட்களை அனுப்பி அளந்தார்கள். பாதுகாப்பு உடை போட்டு, காற்றை உறிஞ்சும் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு, எங்களை மாதிரியே வரிசையாக பைக் ஓட்டியிருக்கிறார்கள். நடந்தார்கள், முகாம் போட்டார்கள், திரும்பி வந்து வண்டி கழுவுவதைக்கூட அளந்தார்கள். முன்னால் போகிறவனுடைய காற்று, பின்னால் வருகிறவனுடைய காற்று என்று தனித்தனியாக. பெரியவர்களின் மூக்கு உயரத்தில் ஒன்று, குழந்தையின் மூக்கு உயரத்தில் ஒன்று. 2008 மே 1ஆம் தேதி அறிக்கை வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போய்வந்தால், முப்பது வருஷக் கணக்கில் புற்றுநோய் ஆபத்து அவர்கள் ஏற்றுக்கொள்ளும் எல்லையைத் தாண்டலாம் என்றார்கள். அன்றைக்கே பி.எல்.எம். சுமார் 30,000 ஏக்கருக்குப் பூட்டுப் போட்டுவிட்டது. அந்த வார இறுதிக்கு நான் வண்டிக்குப் புது டயர் போட்டு வைத்திருந்தேன்!

எங்கள் ஆட்களுக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. பைக் ஓட்டுகிறவர்கள் மட்டுமில்லை. கல் பொறுக்குகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெனிட்டோயிட் என்ற நீலக்கல், நகை செய்கிற தரத்தில், உலகத்திலேயே அந்த மலையில்தான் கிடைக்கிறது. அதுதான் இந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ ரத்தினம். வேட்டைக்காரர்களும் வந்தார்கள். மாநில அரசில் எங்கள் மாதிரி வண்டிகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ரோட்டில் ஓட்ட முடியாத வண்டிக்கு நாங்கள் கட்டுகிற பச்சை ஸ்டிக்கர் கட்டணமும், பெட்ரோல் வரியில் ஒரு பங்கும் அதற்குப் போகிறது. 1971இலிருந்து அப்படி ஒரு சட்டம். அந்தப் பணத்தில் அவர்களே வேறொரு ஆய்வு செய்ய வைத்தார்கள். ஆபத்து மிகக் குறைவு, ஈரமான மாதங்களில் ஓட்டலாம் என்கிற மாதிரி அது சொன்னது. ஒரே மலை, ஒரே புழுதி, இரண்டு அறிக்கை. எங்கள் கூட்டத்தில் முதல் அறிக்கையை முழுசாகப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணலாம். நானும் அப்போது படிக்கவில்லை.

பி.எல்.எம். 2014இல் கொஞ்சம் இறங்கி வந்தது. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, நம்பர் பிளேட் உள்ள வண்டியில் வருஷத்துக்கு ஐந்து நாள் போகலாம் என்றார்கள். கார்க்காரர்களுக்குச் சரி, பச்சை ஸ்டிக்கர் பைக்குக்குக் கதவு மூடியதுதான். துறை மூடியதைத் திறக்க வேண்டுமென்றால் இனி சட்டம்தான் வழி என்று காங்கிரசுக்குப் போனோம். காங்கிரஸ் என்றால் கட்சி இல்லை மாப்ள, இங்கே நாடாளுமன்றத்துக்கு அதுதான் பெயர்.

மசோதாவில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. கிளியர் கிரீக்கைத் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாக அறிவித்து பைக்குக்குத் திறப்பது. அதற்கு ஈடாகப் பக்கத்தில் ஹொவாக்கின் பாறைகள் இருக்கிற சுமார் 21,000 ஏக்கரை எந்த எஞ்சினும் நுழைய முடியாத காப்புவனமாக்குவது. வருகிறவர்களிடம் ஆஸ்பெஸ்டாஸ் ஆபத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றும் அதில் உண்டு. சாம் ஃபார் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர் 2013இல் கொண்டுவந்தார், 2015இல் மறுபடி கொண்டுவந்தார். எதிர்க்கட்சிக்காரரான ஜெஃப் டென்ஹாமும் கூட நின்றார். ஃபார் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு வந்த ஜிம்மி பனெட்டா 2017இல் கொண்டுவந்தார், பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. அன்றைக்கு பார்ட்டி. செனட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. இங்கே இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அவை மாறும், நிறைவேறாத மசோதா எல்லாம் அதோடு செத்துவிடும். மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டும். 2019இல் பெரிய நிலச் சட்டம் ஒன்று வந்து, தெற்கே பாலைவனத்தில் ஆறு வண்டி மைதானங்களை நிரந்தரமாக்கியது. ஜான்சன் வேலி, டூமான்ட் மணல்மேடு எல்லாம் அதில் வந்தன. எங்கள் மலை வரவில்லை.

மனு கொடுப்பது என்றால் நீ நினைக்கிற மாதிரி மாலை, சால்வை, வராண்டாவில் காத்திருப்பு எல்லாம் கிடையாது. பதினைந்து நிமிஷம் ஒதுக்குவார்கள். பார்ப்பது உறுப்பினரை இல்லை, அவரிடம் வேலை பார்க்கிற இருபத்தைந்து வயசுப் பிள்ளையை. முதல் தடவை நாங்கள் பத்துப் பேர் போய் பத்துக் கதை சொன்னோம், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் கற்றுக்கொண்டோம். மூன்று பேர் போதும். ஒரே ஒரு பக்கத் தாள், மேலே மசோதா எண், கீழே நம் கோரிக்கை ஒரே வரியில். ஹாலிஸ்டரில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரைக் கூட்டிப் போனால் காது கொடுப்பார்கள், ஏனென்றால் வார இறுதிக் கூட்டம் நின்று போனதில் அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று ரசீதோடு சொல்வார். மாவட்டக் குழுவின் தீர்மானம் கையில் இருந்தால் இன்னும் நல்லது. நம் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் தொட்டி கேட்டு உன் அப்பா அலைந்தாரே, அவர் இதையெல்லாம் யாரும் சொல்லித்தராமலே செய்தார்.

போன மாதம் அப்படி ஒரு அலுவலகத்துக்குப் போனேன். கூட இரண்டு பேர். உட்கார்ந்திருந்த பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நான் என் வழக்கமான வசனத்தைச் சொன்னேன்: "ஆபத்து என்னன்னு தெரிஞ்சுதான் போறோம். எங்க நுரையீரல், எங்க முடிவு." இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி நன்றாக மெருகேறிய வசனம். அவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "அப்பல்லாம் குழந்தைகளைக் கூட்டிட்டுப் போனீங்களா?"

முருகேசா, கார்த்திக்குக் கிளியர் கிரீக்கில்தான் பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். ஏழு வயசு. சின்ன 110 சிசி வண்டி, அவன் கால் தரையில் எட்டாது, ஒரு பாறையை ஒட்டி நிறுத்தித்தான் ஏறுவான். வழி தெரியாமல் போய்விடக் கூடாது என்று நான் முன்னால் போவேன், அவன் பின்னால் வருவான். கண்ணாடியைக் கழற்றினால் கண்ணைச் சுற்றி மட்டும் பையன் நிறம், மற்ற இடமெல்லாம் விபூதி பூசின மாதிரி. இமையில், மூக்கு நுனியில், உதட்டு ஓரத்தில். அந்த முகத்தை போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். "பழனிக்குப் போன பண்டாரம் மாதிரி இருக்கானே"ன்னு உங்க வீட்டில் எல்லோரும் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்து வாசலில் குழாயைத் திறந்து இரண்டு வண்டியையும் கழுவுவேன், மீனாட்சி ஜெர்சியை உதறி மெஷினில் போடுவாள்.

அந்தப் பெண்ணுக்கு "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். மிச்ச நேரம் கடைக்காரர்தான் பேசினார்.

அன்றைக்கு ராத்திரி 2008 அறிக்கையை எடுத்து உட்கார்ந்து படித்தேன். இத்தனை வருஷம் கழித்து! முன்னால் போகிறவன் வாங்குவதைவிடப் பின்னால் வருகிறவன் வாங்குவது அதிகம். பெரியவனைவிடத் தரைக்குப் பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு அதிகம். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டுமா? மாட்டுவண்டிக்குப் பின்னால் பள்ளிக்கூடம் போன நமக்குத் தெரியாதா?

கார்த்தி இப்போது போர்ட்லாண்டில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான். போனில் விஷயத்தைச் சொன்னேன். "அப்பா, இங்க காட்டுத்தீப் புகையே வருஷா வருஷம் குடிக்கிறேன், விடுங்க"ன்னான். அவன் விட்டுவிட்டான். எனக்கு விட முடியவில்லை.

இதற்காக நான் மாறிவிட்டேன் என்று சந்தோஷப்படாதே. அந்த மலையை மொத்தமாகப் பூட்டியது தப்பு என்றுதான் இன்னும் சொல்கிறேன். 2010இல் இதே மாநிலத்தில் ஒரு சட்டமன்றக்காரர், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்பதற்காக செர்ப்பென்டைனுக்கு இருந்த மாநிலப் பாறை என்ற பட்டத்தையே பிடுங்கப் பார்த்தார். புவியியல்காரர்கள் சண்டை போட்டு நிறுத்தினார்கள். பயம் அந்த அளவுக்குப் போகும். ஆனால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் எழுதியிருக்கிற தாளில் ஒரு வரி கூட்டியிருக்கிறேன்: மழைக்காலத்தில் மட்டும், பதினெட்டு வயசுக்கு மேல் மட்டும். எங்கள் குழுவில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. குடும்பமாகப் போகிற விளையாட்டு என்பதைச் சொல்லித்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம், நீ அதிலேயே கை வைக்கிறாயே என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த வரியோடு மசோதா வந்தால் எத்தனை பேர் ஆதரிப்பார்கள் என்று தெரியவில்லை.

குரங்கணியில் தீப்பிடித்த பிறகு நடைபாதையை மூடினபோது நீ எழுதியது நினைவிருக்கிறதா? "பூட்டுறது சுலபம், காவல் போடுறதுதான் கஷ்டம், அதான் பூட்டுறாங்க." அந்த வரியை மொழிபெயர்த்து இங்கே இரண்டு கூட்டத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

சரி, கொட்டகை. ஷீட்டைச் சுத்தியலால் உடைத்து இறக்க விடாதே, அறுக்கவும் விடாதே. முதலில் ஹோஸ் பைப்பால் நன்றாக நனை. போல்ட்டைக் கழற்றி ஒவ்வொன்றையும் முழுசாக இறக்கச் சொல். உடைந்த துண்டைப் பெருக்காதே, ஈரத்துணியால் துடைத்துக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டு. வேலைக்கு வருகிற பையன்களுக்குத் துண்டைக் கட்டிக்கொள் என்று சொன்னால் போதாது, நல்ல முகமூடி வாங்கிக் கொடு, காசு நான் அனுப்புகிறேன். அன்றைக்குப் பேரனைத் தேனிக்கு அவன் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடு. அவன் வேடிக்கை பார்க்காமல் இருக்கமாட்டான்.

தேதி முடிவானதும் எழுது.

உன்
ராஜா