மிச்சமாகும் நேரம் பட்டறைக்குப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விரிவுரையை மாணவர் முன்னதாகவே காணொளியில் கேட்டுவிட்டு வர, வகுப்பு நேரம் முழுவதையும் கணக்குக்கும் கலந்துரையாடலுக்கும் ஒதுக்கும் 'தலைகீழ் வகுப்பறை' முறை, பொறியியல் கல்லூரிகளில் உற்பத்தித் தொழில்நுட்பப் பாடத்துக்கு மிகவும் பொருந்தும் என்பது, அப்பாடத்தை நெடுங்காலம் நடத்தியவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து. ஆனால் அப்படி மிச்சமாகும் நேரம் மறுபடியும் கரும்பலகைக்கே போய்விடக் கூடாது.

அமெரிக்காவின் கொலராடோவில் 2007-இல் இரு வேதியியல் ஆசிரியர்கள், பள்ளிக்கு வர இயலாத மாணவர்களுக்காகப் பாடங்களைத் தாங்களே பதிவு செய்யத் தொடங்கினார்கள். நமக்கோ ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டி.இ.எல். இணையக் காணொளிப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

40 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் கம்பியை நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டுவேகத்தில் கடைய, லேத் (கடைசல் இயந்திரம்) நிமிடத்துக்கு ஏறத்தாழ 240 சுற்று சுற்ற வேண்டும் என்பதைக் காணொளி பார்த்த மாணவர் எவரும் கணக்கிட்டுவிடுவார். அதே கம்பியை லேத்தின் பிடிப்பானான சக்கில் பிடித்து, வெட்டும் கருவியான டூலை வேண்டுமென்றே சற்றுக் கூடுதலாக நீட்டி வைத்துப் பயிற்றுநர் ஓட்டிக் காட்டினால், டூல் அதிர்ந்து கீச்சிடுவதையும் கடையப்படும் பொருளான ஜாபின் மேல் அலையலையாகத் தழும்பு விழுவதையும் அவர்கள் நேரில் காண்பார்கள். நீட்டத்தைக் குறைத்ததும் சத்தம் ஏன் அடங்கியது என்று அவர்களே வாதாட, ஆசிரியர் அருகில் நின்று திருத்தலாம். விரிவுரையே நேரத்தை விழுங்கிய நாள்களில் இதற்கு இடம் இருந்ததேயில்லை.

இதற்குக் குறுக்கே நிற்பது கால அட்டவணைதான். நான் பணியாற்றிய கல்லூரியில், வகுப்பில் வார்ப்பு நடக்கும் வாரத்தில் பட்டறையில் கடைசல் நடக்கும். எத்தனை முறை எடுத்துச் சொல்லியும் மாறவில்லை. பாடவேளையையும் பட்டறை வேளையையும் அடுத்தடுத்து அமைத்து, பாடத்தைத் திட்டமிடும்போதே பட்டறைப் பயிற்றுநர்களையும் உடன் அமர்த்த வேண்டும். இயந்திரத்தின் குணம் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்குப் பேராசிரியர்களில் பலருக்குத் தெரியாது.

உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் பேருந்தில் வந்து போகும் பிள்ளைகளிடம், ஒரு மணி நேர ஆங்கில உரையை இரவில் பார்த்துவிட்டு வா என்பது நியாயமில்லை. பத்து, பதினைந்து நிமிடத்துக்குள், தமிழ் விளக்கத்தோடு, கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளும்படி கல்லூரி ஆசிரியர்களே பதிவு செய்து தரலாம்.

கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் அளவு தவறியும் விரிசல் விட்டும் கழிக்கப்படும் ஜாப்களைக் கேட்டு வாங்கி வந்து, மாணவர் கையில் அளவு பார்க்கும் வெர்னியரையும் கொடுத்து, இது எதனால் கெட்டது என்று கேட்டு வகுப்பைத் தொடங்கலாம். இதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. வரும் பருவத்திலேயே செய்யலாம்.

இப்படிக்கு,
பணிநிறைவு பெற்ற இயந்திரப் பொறியியல் ஆசிரியர்,
திருநகர், மதுரை.