மாணவர்கள் அளந்த கணக்கு அடுத்த பேட்சுக்குப் போய்ச் சேர வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நம் குமரி மாவட்டக் கல்லூரி மாணவர்கள் செய்யும் சோலார் சைக்கிள், பேட்டரி வண்டி பற்றிய செய்திகளைப் படத்தோடு வெளியிட்டு வருகிறீர்கள். கோட்டாறில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் நான் அந்தப் படங்களை ஆசையாகப் பார்ப்பேன். அவற்றில் சில வண்டிகளின் மோட்டார் எங்கள் கடை மேசையில் பிரிந்து கிடந்தவை. அந்த உரிமையில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி, மார்ச் வந்தால் கடைசி வருட மாணவர்கள் கடைக்கு வர ஆரம்பிப்பார்கள். சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டாரில், அது எந்த நிலையில் சுற்றுகிறது என்று காந்தத்தை வைத்துச் சொல்லும் ஹால் சென்சார் போயிருக்கும், இல்லையென்றால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் சூடாகி நின்றிருக்கும். சரிசெய்து கொடுப்போம். வண்டி ஓடும், மார்க் கிடைக்கும். அப்புறம் வண்டி ஷெட்டின் மூலைக்கும் ரிப்போர்ட் அலமாரிக்கும் போய்விடும். அடுத்த வருடம் வேறு நான்கு பேர் அதே சைக்கிளை முதலிலிருந்து செய்துகொண்டு வருவார்கள். போன வருட வண்டி ஏற்றத்தில் எத்தனை ஆம்பியர் எடுத்தது என்று கேட்டால் தெரியாது. பிள்ளைகள் மேல் குறையில்லை. மோட்டாரைப் பிரித்துப் போட்டால் காந்தங்களை எண்ணி, சுற்றுகளை எண்ணி, ஏன் எதற்கு என்று துருவுகிற புத்திசாலிகள். முந்தின பேட்ச் அளந்தது அவர்கள் கைக்கு வருவதில்லை. என் ஆதங்கமெல்லாம் அதுதான்.

நம் மாவட்டத்துக்கு என்றே இருக்கும் கேள்விகள் ஏராளம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில் ஓடும் மின் ஸ்கூட்டர் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கம் ஏறி இறங்கும்போது ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் தரும்? பின்னால் ஆள் இருந்தால், மழை பெய்தால் எவ்வளவு குறையும்? விளம்பரத்தில் போடும் கிலோமீட்டரை நம்பி வாங்கியவர்கள் கேட்பது இதைத்தான். குளச்சல், முட்டம் பக்கமிருந்து வரும் வண்டிகளில் கனெக்டரைக் கழற்றினால் செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். களிம்பு ஏற ஏற மின்தடை கூடும், அந்த இடம் சூடாகும், கடைசியில் பிளாஸ்டிக் உருகிப் போகும். எந்த உறை, எந்தப் பூச்சு உப்புக்காற்றில் தாக்குப்பிடிக்கிறது என்று கடலோர வீடு ஒன்றின் மாடியில் ஒரு வருடம் வைத்துப் பார்த்தாலே உருப்படியான ஆராய்ச்சி. ஆனால் ஒரு செமஸ்டரில் முடியாது. ஒரு பேட்ச் தொடங்கி வைக்க, அடுத்த பேட்ச் முடிக்க வேண்டும்.

மீன்பிடி வள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளத்தின் பின்னால் வெளியே மாட்டும் வெளிப்பொருத்து எஞ்சினுக்கு எண்ணெய் வாங்கியே வருமானத்தில் பெரும் பங்கு போகிறது என்று கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பேட்டரிக்கு மாற்றலாமே என்று மேடையில் பேசுவது சுலபம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 குதிரைத்திறன் எஞ்சின் என்றால் ஏறத்தாழ 7.4 கிலோவாட். முழு வேகத்தில் 4 மணி நேரம் ஓட்ட ஏறத்தாழ 30 யூனிட் வேண்டும் (ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் மணி). கிலோவுக்கு 150 வாட் மணி தரும் பேட்டரி என்றால் எடை 200 கிலோ. கடலில் இறக்கும் வள்ளத்தில் இந்தப் பாரம் சாதாரணம் இல்லை. ஆனால் யாரும் 4 மணி நேரமும் முழு வேகத்தில் ஓட்டுவதில்லை. வலை போடும்போதும் இழுக்கும்போதும் மெதுவாகத்தான் ஓடும், சில நேரம் எஞ்சினே நிற்கும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே தேவைப்படும் சக்தி வெகுவாக இறங்கும். அப்படியானால் கரைக்குப் பக்கத்தில் தொழில் செய்யும் வள்ளத்துக்கு உண்மையில் எத்தனை யூனிட் தேவை? இதை மீனவர்களோடு கடலுக்குப் போய், ஜிபிஎஸ்ஸும் எண்ணெய் அளவும் வைத்து ஆனி, ஆடியில் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை எழுதி எடுக்க வேண்டும். வண்டி எதுவும் செய்யாமல் இந்தக் கணக்கை மட்டும் கொண்டுவரும் குழுவுக்கு முதல் மார்க் கொடுக்கலாம் என்பேன்.

பொறுமையாக ஓரிடத்தில் உட்கார்ந்து ஆராய்வதற்கு நல்ல முன்மாதிரி பக்கத்திலேயே உண்டு. கேரள எல்லைக்கு அப்பால் விழிஞ்ஞத்தில் ஐஐடி மெட்ராஸ் குழு 1991ல் 150 கிலோவாட் கடல் அலை மின்நிலையம் அமைத்தது. வெவ்வேறு வகை டர்பைன்களை மாற்றி மாற்றிப் பொருத்திச் சோதித்தார்கள். பிறகு கடல்நீரைக் குடிநீராக்கவும் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். நிலையம் இப்போது இயங்கவில்லை. ஆனாலும் அங்கே அளந்து எழுதியவை அடுத்து வருபவர்களுக்குக் கிடைக்கின்றன.

முப்பந்தல், ஆரல்வாய்மொழி காத்தாடிகளும் அப்படித்தான் காத்திருக்கின்றன. பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க தமிழ்நாடு அரசு 2024ல் கொள்கையே கொண்டுவந்துவிட்டது. கழற்றும் இறக்கைகள் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தவை. உருக்கி மறுபடி வார்க்க முடியாது. அவற்றை என்ன செய்யலாம் என்ற கேள்வி நம் வாசலிலேயே கிடக்கிறது.

பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்கு நிதி தருகிறது. நான் முதல்வன் திட்டத்தில் நிரல் திருவிழா என்ற மாணவர் போட்டி நடக்கிறது. கல்லூரிகளிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லாத காரியம். ஒவ்வொரு திட்டமும் முடியும்போது என்ன அளந்தோம், எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்று தமிழிலேயே இரண்டு பக்கம் எழுதி மாவட்ட மைய நூலகத்தில் வைக்கட்டும். ஓடாமல் போனதை எழுதினால் மார்க் குறையும் என்ற பயத்தை ஆசிரியர்கள்தான் போக்க வேண்டும். எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களும் மீனவர்களும் அதைப் படித்துவிட்டு, அடுத்து வரும் பிள்ளைகளிடம் விவரமாகப் பேசுவோம்.

தாங்களும் இனி இத்தகைய செய்தி போடும்போது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை யூனிட் எடுத்தது, மாணவர்கள் எங்கே எப்படி அளந்தார்கள் என்பதையும் கேட்டு இரண்டு வரி சேர்க்க வேண்டுகிறேன். எரிந்துபோன ஹப் மோட்டார்களும் பழைய கண்ட்ரோலர்களும் எங்கள் கடையில் நிறையக் கிடக்கின்றன. பிரித்துப் படிக்க விரும்பும் மாணவர்கள் எந்தக் கல்லூரியிலிருந்து வந்தாலும் காசில்லாமல் எடுத்துப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் கூட இருந்து சொல்லிக் கொடுக்கவும் எனக்கு நேரம் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோட்டாறு, நாகர்கோவில்.