டெட்சல் ஒருவர் மட்டுமா?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மானியச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஊர் ஊராகச் சென்று பாவமன்னிப்புச் சீட்டு விற்ற ஜோகன் டெட்சல் என்ற தோமினிக்கன் சபைத் துறவியின் பேராசைதான் லூத்தர் 1517ஆம் ஆண்டில் எழுப்பிய எதிர்ப்புக்குக் காரணம் என்பதுபோல அது எழுதப்பட்டிருக்கிறது. வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன், அத்துடன் கத்தோலிக்கன் என்ற முறையில், பழி முழுவதையும் டெட்சலின் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஜெர்மானிய இளவரசரான பிராண்டன்பர்க்கின் ஆல்பிரெக்ட் 1513இல் மாக்டபர்க்கின் பேராயரானபோது அவருக்கு வயது 23. மறு ஆண்டே மைன்ஸ் பேராயர் பதவியும் அவருக்குக் கிடைத்தது. ஒருவரே பல மறைமாவட்டங்களை வைத்துக்கொள்ள உரோமையின் விதிவிலக்கு தேவைப்பட்டதால், அதற்குக் கட்ட வேண்டிய பெருந்தொகையை ஃபுக்கர் வங்கிக் குடும்பத்தாரிடம் அவர் கடனாக வாங்கினார். புனித பேதுரு பேராலயத் திருப்பணிக்கான பலனை, அதாவது அந்தப் பாவமன்னிப்புச் சீட்டை, தம் ஆட்சிப்பகுதிகளில் விற்க அவருக்கு அனுமதி அளித்த பாப்பரசர் பத்தாம் லியோ, வசூலில் பாதி பேராலயத்துக்கும் மறுபாதி அந்தக் கடனுக்கும் போகட்டும் என்று ஒப்புக்கொண்டார். காசு போட்ட மக்களுக்குச் சொல்லப்பட்டது திருப்பணி மட்டுமே.

கட்டுரையாளர் எழுதியிருப்பதுபோல, பாவத்தையே விலைக்குத் தீர்ப்பதல்ல பலன். குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புப் பெற்ற பிறகும் எஞ்சியிருக்கும் தண்டனையைக் குறைப்பது அது. ஆனால் ஆல்பிரெக்டின் பெயரில் டெட்சல் போன்ற போதகர்களுக்கு வழங்கப்பட்ட அறிவுறுத்தல், இறந்தபின் எஞ்சிய தண்டனையை அனுபவிக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆன்மாக்களுக்காகப் பணம் செலுத்துவோர் மனம் வருந்தவோ பாவசங்கீர்த்தனம் செய்யவோ வேண்டியதில்லை என்கிறது. அதே ஏட்டில் கட்டண விகிதமும் உண்டு. அரசர்களுக்கு 25 கில்டர் பொற்காசு என்று தொடங்கித் தகுதிக்கேற்ப இறங்கி, ஏழைகளுக்கு மன்றாட்டும் நோன்பும் போதும் என்று முடிகிறது. அந்தக் கடைசி வரி நல்ல மனத்தோடு எழுதப்பட்டதாகவே இருக்கலாம். ஆனாலும் விலைப்பட்டியல் விலைப்பட்டியல்தான்.

செல்வத்தில் எவருக்கும் குறையாத பாப்பரசர் ஏழை விசுவாசிகளின் பணத்தை விட்டுத் தம் சொந்தப் பணத்தில் பேராலயத்தைக் கட்டலாகாதா என்று மக்கள் கேட்பதாக இந்த விற்பனையை எதிர்த்து லூத்தர் எழுதிய 95 கருத்துரைகளில் 86ஆவது கூறுகிறது. அக்கருத்துரைகளை இணைத்து, 1517 அக்டோபர் 31 தேதியிட்ட கடிதத்தை அவர் பணிவோடு அனுப்பியது யாருக்கு? அதே ஆல்பிரெக்டுக்கு! வசூல் யார் கடனை அடைக்கிறது என்பது அப்போது தமக்குத் தெரியாது என்று பிற்காலத்தில் லூத்தரே எழுதினார்.

டெட்சல் 1519இல் லைப்சிக்கில் எல்லோராலும் கைவிடப்பட்டு மரணப் படுக்கையில் கிடந்தபோது, லூத்தர் அவருக்கு ஆறுதல் கடிதம் எழுதினார். இந்த விவகாரம் உம்மால் தொடங்கியதல்ல, இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் வேறு என்பது அதன் சாரம். கட்டுரையின் மறுபதிப்பில் இதற்கும் இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.