கொல்கத்தா – வேலூர்: வீடு முதல் வீடு வரையிலான நேரத்தைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,380 கி.மீ., பயண நேரம் 2 மணி 20 நிமிடம் என்று தங்கள் நாளிதழின் பயணக் குறிப்பில் வெளியாகியிருந்தது. கணக்கில் பிழையில்லை. ஆயினும், சிகிச்சைக்காக வேலூர் வரும் வங்காளக் குடும்பங்களுக்குத் தோட்டப்பாளையத்தில் மாடி அறையை வாடகைக்கு விட்டு வரும் நான், அந்த 2 மணி 20 நிமிடத்தை நம்பி வந்து அல்லல்பட்டவர்களை நேரில் பார்த்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் மேற்கு வங்கத்தின் வர்த்தமான் பகுதியிலிருந்து முதிய தம்பதியர் வந்தனர். மருத்துவக் கோப்பின் பின்னட்டையில் அவர்கள் மகன் பென்சிலால் மூன்று வரி எழுதிக் கொடுத்திருந்தார்: புறப்பாடு 8.40, சென்னை 11.00, டாக்டர் 2.00. பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்த முகவரும் அது போதும் என்றாராம். ஆனால் 8.40 விமானத்துக்காக அவர்கள் அதிகாலை மூன்றரை மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். சென்னையில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. மருத்துவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இரண்டு மணிக்கு அவர்கள் கார் வாலாஜா சுங்கச்சாவடியைத்தான் தாண்டியிருந்தது. பதினொரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வந்து சேர்ந்த அந்த அம்மா, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், எங்கள் வீட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மருத்துவரைப் பார்க்க மறுபடி நேரம் கிடைக்க மூன்று நாள் ஆயிற்று.

1,380 கி.மீ. என்பது வங்கக்கடலின் மேலாகச் செல்லும் நேர்கோடு. புவனேஸ்வரம், விசாகப்பட்டினம், விஜயவாடா என்று கரையோரமாக வரும் ரயிலுக்கு அதே தொலைவு ஏறக்குறைய 1,660 கி.மீ. ஆகிறது. மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும் ஜெட் விமானம் அந்த நேர்கோட்டை ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலெழும்பித் தாழ்வதும், இறங்க முறை வரும்வரை காத்திருப்பதும் சேர்ந்துதான் 2 மணி 20 நிமிடம் ஆகிறது. அதற்கு முன்னும் பின்னும் ஆகும் நேரத்தை எந்தப் பயணச்சீட்டும் சொல்வதில்லை.

மீனம்பாக்கத்திலிருந்து வேலூர் சுமார் 130 கி.மீ. வாடகைக் கார் பிடிக்க வசதியில்லாதவர்கள் திரிசூலத்தில் மின்சார ரயிலேறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து சென்ட்ரலுக்குப் போய், காட்பாடிக்கு வண்டி பிடித்து, அங்கிருந்து ஆட்டோவில் பாலாற்றுப் பாலம் தாண்டி வரவேண்டும். நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்து வருபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை! வேலூரை ஒட்டிய அப்துல்லாபுரம் விமானதளம், சிறு நகரங்களுக்கு விமான சேவை தருவதற்கான மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்ந்து ஆண்டுகள் பல ஆகியும், இந்தச் சுமை இன்னும் குறையவில்லை.

எனவே இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, பறக்கும் நேரத்துக்குப் பக்கத்திலேயே, விமான நிலையத்துக்கு முன்கூட்டிச் செல்லவேண்டிய நேரத்தையும், இறங்கியபின் வேலூர் போன்ற ஊர்களை அடைய ஆகும் நேரத்தையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விமானத்தில் வருபவர்கள் மருத்துவரை மறுநாள் காலையில் பார்க்க ஏற்பாடு செய்துகொள்வது நல்லது என்ற ஒரு வரியும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர், தோட்டப்பாளையம், வேலூர்.