பரிந்துரைக் கடிதம் தரும் முன் ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

என் பெரியப்பா 1967ல் சிங்கப்பூரில் தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பணிக்கு) அழைக்கப்பட்ட முதல் அணியில் இருந்தவர். 1949ல் பிறந்தவர், அந்தத் தலைமுறை மூத்தோருக்கு அரசாங்கம் தந்த முன்னோடித் தலைமுறை அட்டையும் வைத்திருக்கிறார். முழங்கால் வலி தாங்காமல், வீட்டருகே இருக்கிறதே என்று மருத்துவக் கட்டணத்துக்கு அரசாங்கம் உதவும் சாஸ் (CHAS) திட்டத்தில் சேராத ஒரு தனியார் மருந்தகத்துக்குப் போனார். அங்கே தந்த பரிந்துரைக் கடிதத்தோடு மருத்துவமனைக்குப் போனால், முழுக் கட்டணம் என்றார்கள். பலதுறை மருந்தகமோ (அரசாங்க பாலிகிளினிக்) சாஸ் மருந்தகமோ அனுப்பினால்தான் மானியம். சரி என்று, நொண்டிக்கொண்டே பலதுறை மருந்தகத்தில் முதலிலிருந்து தொடங்கினார். மானியம் போக மீதமுள்ள கட்டணத்திலும் முன்னோடிகளுக்கு மேலும் 50 விழுக்காடு கழிவு உண்டு. அப்படித் தொடங்காவிட்டால் அதையும் சேர்த்தே இழந்திருப்பார்.

கடிதம் எழுதும் முன் மருந்தகங்கள் இதை முதியவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். முகப்பில் தமிழிலும் எழுதி ஒட்டலாமே.

வாசகர், தோ பாயோ