தண்ணீருக்கு முதலில் வழி, பிறகு பாத்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் கேப்பர் மலையிலும் வானூர்ப் பக்கத்துச் செம்மண் மேட்டிலும் வீட்டுத்தோட்டத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுவோர் பெருகியுள்ளனர். ஐப்பசி அடைமழையில் அவை சரியாமல் நிற்க, பாத்திக்கு முன்பே தண்ணீருக்கு வழி செய்துவிட வேண்டும்.

ஒரு சென்ட் நிலத்தில் 10 செ.மீ. மழை என்றால் 4,000 லிட்டர். பாத்திக்கு மேலே ஐந்து சென்ட் சரிவு இருந்தால் 20,000 லிட்டர். செம்மண்ணின் மேற்பரப்பு மழையடியில் இறுகிவிடும். பிறகு பெரும்பகுதி கீழேதான் ஓடிவரும். எனவே பாத்திக்கு ஒன்றரை அடி மேலே குறுக்கு வாய்க்கால் வெட்டுங்கள்: 1 அடி அகலம், 9 அங்குல ஆழம், பத்தடிக்கு ஒன்றேகால் அங்குல வாட்டம் (சரிவு). வாட்டம் கூடினால் வாய்க்காலையே அரித்துவிடும். கடைவாயில் கருங்கல் பரப்பி, அரையடிக்கு ஒரு வெட்டிவேர் நாற்று நடுங்கள். நம் கடலோர ஊர்களில் விளைகிற பயிர்தானே, நாற்றுக்கு அலைய வேண்டாம்.

பாத்தி சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் கிடக்க வேண்டும். கண் ஏமாற்றும், டியூப் லெவலில் (மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற குழாய்) காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பிப் பார்த்து முளைக்குச்சி அடியுங்கள். பத்தடிக்கு ஓரடி இறங்கும் நிலத்தில், 4 அடி அகலப் பாத்திக்குள்ளேயே 5 அங்குலம் இறங்கிவிடும். மேல்சுவர் 9 அங்குலம் என்றால் கீழ்ச்சுவர் 14 அங்குலம்.

விழுவது பெரும்பாலும் இந்தக் கீழ்ச்சுவர்தான். ஊறிய மண்ணின் பாரமும் தேங்கிய நீரும் சேர்ந்து தள்ள, சுவர் வயிறு தள்ளிச் சாயும். முதல் வரிசை ஹாலோ பிளாக்கைக் கலையாத மண்ணில் 4 அங்குலம் புதைக்க வேண்டும்; கொட்டி நிரவிய மண்மேல் வைக்கவே கூடாது. 4 அடிக்கு ஒன்றாகச் சுவரின் அடியில் ஒரு அங்குல பி.வி.சி. குழாய், அதன் உள்வாயில் ஒரு சட்டி ஜல்லி. அடியில் தார்ப்பாய் விரிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நீர் தேங்கி வேர் அழுகும்.

நிரப்ப, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் அரைப் பங்கு. மேலே முந்திரிச் சருகு மூன்று அங்குலம்.

வாய்க்கால் நீரைப் பக்கத்து மனைக்குத் திருப்பாமல், அஸ்திவாரத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு குழியில் இறக்குங்கள். 3 அடிக்கு 3 அடி, 4 அடி ஆழம் என்றால் 1,000 லிட்டர் பிடிக்கும். கல் நிரப்பினால் அதில் பாதிகூட நிற்காது. ஆகவே ஏரியில் மிகுநீர் வெளியேறும் கலங்கல் போல இந்தக் குழிக்கும் வடிகால் வேண்டும்.

புதுப் பாத்தி அமுங்க ஒன்றிரண்டு மாதமாகும். ஆடிக்குள் கட்டி முடித்தால், அமுங்கிய இடத்தில் மண் சேர்க்கப் புரட்டாசி வரை அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கடலூர்